சிவப்பு எச்சரிக்கை முதல் விபிஎன் வரை: தரவு பத்திரமாகப் போகிறதா என்று அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

"அண்ணா, சிவப்பா ஏதோ வருது. அட்வான்ஸ்டுன்னு ஒண்ணு இருக்கே, அதை அழுத்தி உள்ளே போயிடலாமா?"

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் கணினி, நெட்வொர்க் பராமரிப்பு பார்க்கும் எவருக்கும் போனில் வரும் கேள்வி இது. வேண்டாம் என்பதுதான் என் பதில். காரணம் தெரிந்த பிறகு உள்ளே போகலாம், அதற்கு முன் கூடாது.

உங்கள் கணினியிலிருந்து வங்கியின் சர்வர் வரைக்கும் தரவு போகும்போது மூன்று காரியம் நடந்தாக வேண்டும். வழியில் இருப்பவர் அதைப் படிக்கக் கூடாது. மாற்றக் கூடாது. மறுமுனையில் இருப்பது அந்த வங்கிதான் என்று உறுதியாக வேண்டும். இந்த மூன்றில் ஒன்றுக்கு உலாவியால் உத்தரவாதம் தர முடியாதபோது சிவப்புத் திரை வருகிறது. நம்மூர் ஆலையிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் மாங்கூழ் கன்டெய்னரின் சீல் எண், ரசீதில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் யாரும் "பரவாயில்லை, ஏத்துங்க" என்று சொல்வதில்லை. எங்கே மாறியது என்று விசாரிப்பார்கள். இங்கேயும் அந்த விசாரணைதான் முதல் வேலை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்றை மாற்றிப் பாருங்கள். அதே தளத்தை அதே வைஃபையில் வேறு கருவியில் திறந்து பாருங்கள். அதே கருவியை மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். அதே கருவியில் வேறு தளங்கள் திறக்கின்றனவா என்றும் பாருங்கள். கோளாறு கருவியிலா, நெட்வொர்க்கிலா, தளத்திலா என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும். கீழே உள்ளதில் உங்களுக்குப் பொருந்தும் பகுதிக்கு நேராகப் போய்விடலாம்.

அறிகுறி: ஒரே கணினி, எந்தத் தளத்தைத் திறந்தாலும் எச்சரிக்கை

கணினியின் தேதியைப் பாருங்கள். நாளும் மாதமும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் ஆண்டையும் பாருங்கள்.

"நான்தான் அந்தத் தளம்" என்று தளம் உலாவிக்குக் காட்டும் அடையாளச் சீட்டுக்குச் சான்றிதழ் என்று பெயர். ஒவ்வொரு சான்றிதழிலும் "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை செல்லும்" என்று எழுதியிருக்கும். கணினி தன் கடிகாரத்தை வைத்துத்தான் அதைச் சரிபார்க்கிறது. கடிகாரம் 2015 என்று சொன்னால், போன மாதம் வாங்கிய சான்றிதழ் அதன் கண்ணுக்கு இன்னும் பிறக்கவே இல்லை. திரையின் அடியில் சின்ன எழுத்தில் வரும் பிழைக் குறியில் "சர்ட் டேட் இன்வேலிட்" என்று இருக்கும். குரோம் சில சமயம் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று நேராகவே சொல்லிவிடும்.

மின்தடை அதிகம் உள்ள இடங்களில் இது சாதாரணம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற வட்ட பேட்டரி தீர்ந்துபோனால், கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரம் ஓடாது. மறுபடி ஆன் செய்ததும் பழைய தேதிக்குப் போய்விடும். பேட்டரியை மாற்றுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதியை மட்டும் திருத்திவிட்டு பேட்டரியை விட்டுவிட்டால் அடுத்த மின்தடையில் இதே போன் திரும்ப வரும்.

இன்னொரு சங்கதி. "தானாக நேரம் சரிசெய்" என்று போட்டிருந்தும் சரியாகவில்லையே என்பார்கள். அலுவலக டொமைனில் சேராத விண்டோஸ் கணினி, வழக்கமான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தானாகத் திருத்திக்கொள்ளாது. ஆண்டுக்கணக்கில் பின்தங்கிய கணினியில் முதலில் தேதியைக் கையால் சரிசெய்துவிட்டு, அப்புறம் "இப்போது ஒத்திசை" என்பதை அழுத்த வேண்டும்.

நேர மண்டலத்தையும் பாருங்கள். மண்டலம் அமெரிக்காவில் இருக்க, யாரோ மணியை மட்டும் கையால் நம் நேரத்துக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். திரையில் மணி சரியாகத் தெரியும். உள்ளே உலக நேரம் அரை நாள் தள்ளி நிற்கும். தளங்கள் பெரும்பாலும் திறந்துவிடும். ஆனால் உள்நுழையக் கேட்கும், 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்கக் குறியீட்டை அந்தக் கருவியே உருவாக்குகிறது என்றால், எத்தனை முறை அடித்தாலும் தவறு என்றே வரும்.

அறிகுறி: ஒரே ஒரு தளம், எந்தக் கருவியிலும் எச்சரிக்கை

இது தளத்துக்காரரின் கோளாறு. பார்ப்பவர் செய்யக்கூடியது, கடவுச்சொல் எதையும் அடிக்காமல் காத்திருப்பதும் தளத்தை நடத்துபவருக்குத் தெரிவிப்பதும்தான். சில தளங்களில் "தொடர்" என்ற வழியே காட்டப்படாது. "என்னிடம் பூட்டிய வழியில் மட்டுமே பேச வேண்டும்" என்று அந்தத் தளம் உலாவிக்கு முன்பே கட்டளை கொடுத்திருக்கிறது. எச்எஸ்டிஎஸ் என்ற அந்த ஏற்பாடு 2012 முதல் நடைமுறையில் இருக்கிறது. வழி இல்லை என்று தளத்தைத் திட்ட வேண்டாம், அவர்கள் நல்லதுதான் செய்திருக்கிறார்கள்.

தளம் உங்களுடையது என்றால் முதலில் காலாவதியைப் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் தரும் வழக்கமான இலவசச் சான்றிதழ் 90 நாளைக்குத்தான். புதுப்பிப்பது தானாக நடக்க வேண்டும். நடக்காமல் போவதற்கு அடிக்கடி காரணமாக இருப்பது, பாதுகாப்பு என்று நினைத்து யாரோ ஃபயர்வால் என்ற காவல் அமைப்பில் 80-ஆம் போர்ட்டை, அதாவது சர்வருக்குள் வரும் எண்ணிட்ட கதவுகளில் ஒன்றை, அடைத்தது. சான்றிதழ் தருபவர் அந்தப் போர்ட் வழியாக வந்து "இது உங்கள் தளம்தானா" என்று பார்க்கும் முறையை வைத்திருந்தால், கதவு மூடியிருக்கும்போது புதுச் சான்றிதழ் வராது. முன்பெல்லாம் முடியப்போகிறது என்று மின்னஞ்சலாவது வரும். அதையும் லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. காசு கொடுத்து வாங்கும் சான்றிதழ்களின் ஆயுளும் குறைந்துகொண்டே வருகிறது. 2026 மார்ச் 15 முதல் அதிகபட்சம் 200 நாள், 2027-இல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கையால் மாற்றிக்கொண்டிருப்பவர்கள் இப்போதே தானியங்கிக்கு மாறிவிடுவது நல்லது.

காலாவதி ஆகவில்லை, ஆனால் பெயர் பொருந்தவில்லை என்று வந்தால், சான்றிதழ் மூன்று டபிள்யூ உள்ள பெயருக்கு மட்டும் வாங்கப்பட்டிருக்கும், மக்கள் அது இல்லாமல் அடித்திருப்பார்கள். இரண்டு பெயருக்கும் சேர்த்து வாங்குங்கள்.

கணினியில் திறக்கிறது, மொபைல் செயலியில் மட்டும் இணைப்பு மறுக்கப்படுகிறது என்பது வேறு வகை. சர்வர் தன் சான்றிதழை மட்டும் அனுப்புகிறது, அதையும் கருவி ஏற்கெனவே நம்பும் மூலச் சான்றிதழையும் இணைக்கும் இடைநிலைச் சான்றிதழை அனுப்பவில்லை. மேசைக் கணினி உலாவிகள் காணாமல் போன அந்தக் கண்ணியைத் தாங்களே தேடி எடுத்துக்கொள்ளும். செயலிகள் பெரும்பாலும் அப்படித் தேடாது. சர்வர் அமைப்பில் தனிச் சான்றிதழ்க் கோப்புக்குப் பதிலாக முழுச் சங்கிலி உள்ள கோப்பைக் காட்டினால் சரியாகிவிடும்.

அறிகுறி: ஒரு வைஃபையில் மட்டும் எச்சரிக்கை, மொபைல் டேட்டாவில் இல்லை

இதில் சாதாரணமானதும் இருக்கிறது, ஆபத்தானதும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

ஒகேனக்கல்லில் அறை எடுத்துத் தங்குகிறீர்கள், விடுதி வைஃபையில் இணைந்ததும் வங்கித் தளம் எச்சரிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அறை எண், மொபைல் எண் கேட்கும் நுழைவுப் பக்கம் ஒன்று நடுவில் நிற்கிறது. நீங்கள் கேட்ட தளத்துக்குப் பதில் அது பதில் சொல்வதால் பெயர் பொருந்தவில்லை. நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது, பூட்டே இல்லாமல் திறப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். அதைத் திறந்தால் நுழைவுப் பக்கம் வந்துவிடும். உள்ளே போன பிறகு எச்சரிக்கை மறைய வேண்டும். மறையவில்லை என்றால் அந்த வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு வந்துவிடுங்கள்.

உங்கள் சொந்த வீட்டிலோ கடையிலோ, எல்லாக் கருவிகளிலும் வங்கி போன்ற சில தளங்களுக்கு மட்டும் எச்சரிக்கை வந்தால் ரூட்டரைச் சந்தேகியுங்கள். பெயரைக் கொடுத்தால் ஐபி முகவரி தருவது டிஎன்எஸ். ரூட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியை ஒருவன் மாற்றிவிட்டால், நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாக அடித்தாலும் அவன் சர்வருக்குப் போய்ச் சேருவீர்கள். அவனிடம் வங்கியின் சான்றிதழ் இல்லாததால் உலாவி கத்துகிறது. அந்த நேரத்தில் "தொடர்" அழுத்தியவரின் கடவுச்சொல் நேராக அவன் கையில். ரூட்டருக்குள் போய் டிஎன்எஸ் முகவரிகளைப் பாருங்கள். இணைய நிறுவனம் தந்ததாகவோ நீங்களே போட்டதாகவோ இல்லாமல் புதிதாக ஏதாவது இருந்தால், ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள், ஃபர்ம்வேர் என்ற அதன் உள் மென்பொருளைப் புதுப்பியுங்கள், ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள், வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் "அட்மின்" என்றே விட்டுப்போன ரூட்டர்களை இன்றும் பார்க்கிறேன். கேபிள் இழுத்துக் கொடுத்தவர் வேலை முடிந்தது என்று போய்விடுகிறார், அதை மாற்ற வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு யாரும் சொல்வதில்லை.

அதே கையோடு வைஃபை பூட்டையும் பாருங்கள். டபிள்யூஇபி என்று இருந்தால் அது 2001-லேயே உடைக்கப்பட்டது. டபிள்யூபிஏ2 ஏஇஎஸ், முடிந்தால் டபிள்யூபிஏ3 வையுங்கள். எட்டு இலக்கப் பின் கொண்டு இணையும் டபிள்யூபிஎஸ் வசதியை அணையுங்கள்.

ஓசூர் தொழிற்பேட்டைகளில் வேலை செய்பவர்கள் அலுவலக நெட்வொர்க்கில் இன்னொன்றைப் பார்க்கலாம். எச்சரிக்கை இல்லை, ஆனால் முகவரிப் பட்டையில் அழுத்திச் சான்றிதழைத் திறந்தால் "வழங்கியவர்" என்ற இடத்தில் கம்பெனியின் பெயரோ ஃபயர்வாலின் பெயரோ இருக்கும். கம்பெனி தன் கணினிகளில் தன் சான்றிதழை நிறுவி, வந்து போகும் எல்லாவற்றையும் திறந்து பார்த்து மறுபடி பூட்டி அனுப்புகிறது. சில ஆன்டிவைரஸ் மென்பொருள்களும் உங்கள் கணினிக்குள்ளேயே இதைச் செய்கின்றன. கம்பெனிக் கணினியில் கம்பெனி செய்வது அவர்கள் உரிமை. சொந்த வங்கி வேலையை அங்கே வைத்துக்கொள்ளாதீர்கள் என்பதே என் யோசனை.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிடுகிறேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்து வரி, டெண்டர் வேலை செய்யும் ஆடிட்டர் அலுவலகங்களில், 127.0.0.1 என்ற முகவரிக்கு எச்சரிக்கை வரும். அது உங்கள் கணினியே. கையெழுத்து மென்பொருள் உலாவியோடு உள்ளுக்குள் பேசிக்கொள்கிறது. அங்கே தரவு வெளியே போகவில்லை. அந்த மென்பொருளை அதிகாரபூர்வ தளத்திலிருந்து எடுத்து மறுபடி நிறுவினால் பெரும்பாலும் சரியாகும்.

அறிகுறி: பழைய கணினியில் மட்டும் "இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை"

எடைமேடை, பெட்ரோல் பங்க், பழைய பில்லிங் கணினிகளில் இது வரும். எச்சரிக்கைகூட வராது, பக்கமே திறக்காது. பூட்டும் முறைக்கே வயதாகிவிட்டது. டிஎல்எஸ் என்பது அந்த முறையின் பெயர். அதன் 1.0 வந்தது 1999, 1.1 வந்தது 2006. இரண்டையும் 2021 மார்ச்சில் அதிகாரபூர்வமாக ஓய்வுபெறச் செய்துவிட்டார்கள். இப்போது 2008-இன் டிஎல்எஸ் 1.2, 2018-இன் டிஎல்எஸ் 1.3 ஆகியவைதான் புழக்கம். விண்டோஸ் 7-இல் இணைய விருப்பங்களுக்குள் போய் டிஎல்எஸ் 1.2-ஐ டிக் செய்தால் சில மென்பொருள்கள் ஓடத் தொடங்கும். வேறு சிலவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் தந்த கேபி 3140245 என்ற புதுப்பிப்பும், அதோடு சேர்ந்த ரெஜிஸ்ட்ரி மாற்றமும் வேண்டும்.

அது தற்காலிகம். விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-லும், விண்டோஸ் 10-க்கானது 2025 அக்டோபர் 14-லும் முடிந்துவிட்டன. பில் போடும் கணினியை மாற்ற முடியாவிட்டால், அதில் வங்கி வேலையாவது பார்க்காதீர்கள். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்கும் இதையே சொல்வேன். இன்றைய பல சான்றிதழ்களின் மூலச் சான்றிதழை அவை அறியாது.

அறிகுறி: எந்த எச்சரிக்கையும் இல்லை

எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். மேலே சொன்ன எல்லாவற்றிலும் பூட்டு இருக்கிறது, ஏதோ பொருந்தவில்லை என்று அது சொல்கிறது. பூட்டே இல்லாத இடத்தில் யாரும் எதுவும் சொல்வதில்லை. வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

உலாவியில் திறப்பதாக இருந்தால் முகவரிப் பட்டையில் "பாதுகாப்பற்றது" என்று ஒரு சொல் இருக்கும். எச்டிடிபி என்ற பூட்டில்லாத முறையில் திறக்கும் தளங்கள் எல்லாவற்றுக்கும் குரோம் 2018 ஜூலை முதல் அதைப் போடுகிறது. கேமரா டிவிஆர், ரூட்டர் பக்கம், பிரிண்டர் பக்கம் எல்லாம் இந்த வகை. கட்டடத்துக்குள் மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த டிவிஆரை வெளியூரிலிருந்து பார்க்க வேண்டும் என்று ரூட்டரில் போர்ட் திறந்துவிட்டிருந்தால், அதன் கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் திறந்த வழியில் பயணம் செய்கிறது.

உலாவியில் திறக்காத மென்பொருள்களில் அந்தச் சொல்கூடத் தெரியாது. ரத்தப் பரிசோதனை லேபின் மென்பொருள் முடிவுகளை வெளியே அனுப்புகிறது, பள்ளி மென்பொருள் பிள்ளைகளின் விவரத்தை அனுப்புகிறது, அச்சகம் எஃப்டிபி என்ற பழைய, பூட்டில்லாத முறையில் கோப்பு வாங்குகிறது. இவை எப்படிப் போகின்றன என்று கண்டுபிடிக்க வந்து போகும் தரவைப் பதிவு செய்து காட்டும் வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருளை அந்தக் கணினியிலேயே நிறுவுங்கள். சுவிட்ச் வைத்த நெட்வொர்க்கில் பக்கத்துக் கணினியின் போக்குவரத்து உங்களுக்குப் பெரும்பாலும் தெரியாது, அதனால் அந்தக் கணினியிலேயே ஓட்ட வேண்டும். உங்கள் சொந்தக் கணினி, அல்லது உரிமையாளர் அனுமதி கொடுத்த கணினியாக இருக்கட்டும். மற்றவர் தரவை ஒட்டுக்கேட்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் கீழ் குற்றமாகலாம்.

பதிவை ஓட விட்டு மென்பொருளில் ஒருமுறை உள்நுழையுங்கள். பிறகு வடிகட்டியில் எச்டிடிபி என்று போடுங்கள், அடுத்து எஃப்டிபி என்று போடுங்கள். எஃப்டிபி-யாக இருந்தால் "பாஸ்" என்ற கட்டளைக்கு எதிரே கடவுச்சொல் எழுத்து மாறாமல் நிற்கும். இதை ஒரு லேப் உரிமையாளருக்குத் திரையில் காட்டுவது ஒரு மணி நேரம் விளக்குவதைவிட மேல். நோயாளியின் பெயரும் சர்க்கரை அளவும் வரிவரியாகத் திரையில் வரும்போது அவரே கேட்பார், "இது வழியில இருக்கிற எல்லாருக்கும் இப்படித்தான் தெரியுமா?" தெரியும். மென்பொருள் விற்றவரிடம் டிஎல்எஸ் வசதி கேளுங்கள். இல்லை என்று சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொண்டு வேறு மென்பொருள் பாருங்கள்.

எஃப்டிபி-க்குப் பதில், பூட்டி அனுப்பும் எஸ்எஃப்டிபி முறைக்கு மாறுங்கள். கோப்பு அனுப்பும் ஃபைல்ஜில்லா மென்பொருளிலேயே மாற்றிக்கொள்ளலாம், போர்ட் 21-க்குப் பதில் 22, சர்வரில் எஸ்எஸ்எச் என்ற பூட்டிய இணைப்புச் சேவை ஓட வேண்டும். முதல் முறை இணையும்போது ஒரு நீண்ட கைரேகைக் குறியீட்டைக் காட்டி நம்பலாமா என்று கேட்கும். சர்வரை நிர்வகிப்பவருக்கு போன் போட்டுக் கடைசிச் சில எழுத்துகளையாவது ஒப்பிடுங்கள். பிறகு ஒரு நாள் அந்தக் கைரேகை மாறிவிட்டது என்று பெரிய எச்சரிக்கை வந்தால், சர்வரை மறுபடி நிறுவினீர்களா என்று அவரிடமே கேளுங்கள். ஆமாம் என்றால் பழையதை நீக்கிப் புதியதை ஏற்கலாம். இல்லை என்றால் இணையவே கூடாது.

டேலி பார்ப்பதற்காக, கணினியைத் தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேராக இணையத்துக்குத் திறந்து வைத்திருக்கும் கடைகளும் உண்டு. விண்டோஸ் பயனர் கணக்கு அடிக்கடி லாக் ஆகிறது என்பது அதன் அறிகுறி. விண்டோஸ் செக்யூரிட்டி பதிவில் 4625 என்ற எண் வரிசை வரிசையாக இருந்தால் யாரோ கடவுச்சொல்லை ஊகித்து அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். 3389 போர்ட்டை ரூட்டரில் இன்றே மூடிவிட்டு, விபிஎன் வழியாக, அதாவது இணையத்துக்குள்ளேயே போடும் பூட்டிய தனிப் பாதை வழியாக, மட்டும் உள்ளே வரச் செய்யுங்கள்.

அறிகுறி: விபிஎன் போட்டாயிற்று, வேலை செய்யவில்லை

பர்கூரில் கிரானைட் பட்டறை, கிருஷ்ணகிரியில் அலுவலகம், இரண்டுக்கும் நடுவே வயர்கார்டு விபிஎன் என்று வைத்துக்கொள்வோம். நம் பகுதியில் பெரும்பாலும் மூன்று விதமாக இது நின்றுபோகும்.

இணைப்பே ஏற்படவில்லை என்றால் ரூட்டரின் வெளி முகவரியைப் பாருங்கள். 100.64-இலிருந்து 100.127-க்குள் தொடங்கினால் அது உங்களுக்கே உரிய பொது முகவரி இல்லை. இணைய நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது. வெளியிலிருந்து உங்களை அழைக்க முடியாது. நிலையான ஐபி கேட்டு வாங்கலாம். இல்லையென்றால் பொது முகவரி உள்ள சின்ன வாடகை சர்வர் ஒன்றை எடுத்து, இரண்டு முனைகளும் அங்கே போய்ச் சேரும்படி வைக்கலாம். அப்படி வைக்கும்போது இரு முனையிலும் 25 விநாடிக்கு ஒருமுறை உயிர்ச்சைகை அனுப்பும் அமைப்பைப் போடுங்கள், இல்லையென்றால் சும்மா இருக்கும்போது வழி மூடிக்கொள்ளும்.

நேற்று வரை ஓடியது, கரண்ட் போய் வந்த பிறகு இணையவில்லை என்றால் மறுபடி கடிகாரம்தான். இணைப்பைத் தொடங்க இரு முனையும் பேசிக்கொள்வது கைகுலுக்கல். வயர்கார்டு ஒவ்வொரு கைகுலுக்கலிலும் நேர முத்திரை அனுப்பும். பழைய தரவுப் பொட்டலத்தைப் பிடித்து வைத்து யாரும் திரும்ப அனுப்பி ஏமாற்றக் கூடாது என்பதற்காக, முன்பு பார்த்ததைவிடப் பிந்திய முத்திரையை மட்டுமே மறுமுனை ஏற்கும். ராஸ்பெர்ரி பை போலத் தனிக் கடிகார பேட்டரி இல்லாத கருவி, மின்தடைக்குப் பின் பழைய நேரத்தோடு எழுந்தால் அதன் கைகுலுக்கல் ஓசையில்லாமல் நிராகரிக்கப்படும். நேர சர்வருக்கான வழி விபிஎன் வழியாக இல்லாமல் நேராக இணையம் வழியாக இருக்கும்படி வையுங்கள். நேரம் சரியானதும் தானாக இணைந்துவிடும். கடிகாரச் சில்லு ஒன்று வாங்கிப் பொருத்துவது இன்னும் நல்லது.

மூன்றாவதுதான் ஆளை அலைக்கழிப்பது. இணைந்துவிட்டது, பிங் என்ற சோதனைப் பொட்டலம் போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, ஆனால் பெரிய டிராயிங் கோப்பு பாதியில் நின்றுவிடுகிறது. கோப்பைக் குறை சொல்வார்கள், சர்வரைக் குறை சொல்வார்கள். காரணம் பொட்டலத்தின் அளவு. ஈதர்நெட்டில் ஒரு பொட்டலம் வழக்கமாக அதிகபட்சம் 1500 பைட். பிபிபிஓஇ என்ற முறையில் உள்நுழையும் ஃபைபர் இணைப்பில் அது 1492. வயர்கார்டு தன் உறைக்கு 80 பைட் வரை எடுத்துக்கொள்ளும் என்று கணக்கிட்டு 1420 என்று வைத்துக்கொள்கிறது, அது 1500-க்கான கணக்கு. 1492-இல் 80 கழித்தால் 1412. அந்த எட்டு பைட் வித்தியாசத்தில் பெரிய பொட்டலங்கள் வழியில் கைவிடப்படலாம். விபிஎன்-னை நிறுத்திவிட்டு, துண்டாக்கக் கூடாது என்ற கட்டளையோடு 1472 பைட் பிங் அனுப்பிப் பாருங்கள், தலைப்புக்கு 28 சேர்ந்து 1500 ஆகும். போகவில்லை, 1464 போகிறது என்றால் உங்கள் வழி 1492 தான். இரு முனையிலும் எம்டியூ என்ற பொட்டல அளவு வரம்பை 1412 ஆக்குங்கள். அதற்கும் சரியாகாவிட்டால் 1280 வரை இறக்கிப் பார்த்து, பிறகு மெல்ல ஏற்றுங்கள்.

இந்தச் சமயத்தில் "விபிஎன்-னை எடுத்துடுங்க, நேரா அனுப்பிக்கிறோம்" என்று உரிமையாளர் சொல்வது வழக்கம். இரண்டு எண்களை மாற்றும் வேலைக்காகப் பூட்டையே கழற்ற வேண்டாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

அறிகுறி: "கணக்கு எண் மாறிவிட்டதாக நீங்கள் மெயில் அனுப்பினீர்களே"

சீசன் முடிந்து மாங்கூழ் கப்பல் ஏறும் நேரத்தில் வெளிநாட்டு வாங்குபவர் இப்படிக் கேட்டால், உடனே எல்லா வேலையையும் நிறுத்துங்கள். உங்கள் பெயரில் வேறு வங்கிக் கணக்கைக் கொடுத்து யாரோ எழுதியிருக்கிறார்கள்.

வந்த மெயிலை அப்படியே இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்வர்டு செய்தால் தலைப்பு விவரம் போய்விடும். அதில் அனுப்பியவர் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். ஆங்கிலத்தில் ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும், அப்படி ஒரு பெயரைப் பதிவு செய்திருப்பார்கள். முகவரி வேறாக இருந்தால் உங்கள் பெயரைப் போலி செய்திருக்கிறார்கள். ஆனால் முந்தைய பேச்சுவார்த்தை, விலை, கன்டெய்னர் எண்ணிக்கை எல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசியுங்கள். இரண்டு பக்கத்தில் ஏதோ ஒருவருடைய அஞ்சல் பெட்டிக்குள் அவர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் பெட்டியில் பார்க்க வேண்டியது: ஃபார்வர்டு அமைப்பு, வடிகட்டி விதிகள், சமீபத்தில் உள்நுழைந்த கருவிகள். "இன்வாய்ஸ்" என்ற சொல் வந்தால் வேறு கோப்புறைக்குத் தள்ளி, படித்ததாகக் குறி என்று ஒரு விதி ஒளிந்திருக்கும். விதியை நீக்குவதற்கு முன் திரையைப் படம் எடுத்துவையுங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளையும் வெளியேற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடுங்கள். ஃபார்வர்டு அமைப்பையும் விதியையும் நீக்காமல் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினால் மெயில்கள் அவர்களுக்குப் போய்க்கொண்டே இருக்கும்.

அலுவலகத்தின் பழைய அவுட்லுக்கையும் திறந்து பாருங்கள். உள்வரும் போர்ட் 110, மறையாக்கம் "இல்லை" என்று இருந்தால், மெயிலின் கடவுச்சொல் ஒவ்வொரு முறையும் திறந்தபடி போயிருக்கிறது. 995 அல்லது ஐமேப் 993, வெளிச்செல்ல 465 அல்லது 587 என்று மாற்றுங்கள்.

முகவரி உங்களுடையதாகவே இருந்து, உங்கள் பெட்டியிலிருந்து போகாமல் இருந்தால், உங்கள் டொமைன் பெயருக்கு எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற, மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறதா என்று சரிபார்க்க உதவும் பதிவுகள் இல்லாதிருக்கலாம். யார் வேண்டுமானாலும் உங்கள் பெயரில் எழுதலாம் என்று விட்டுவைத்திருப்பதாக அர்த்தம். டிமார்க்கை முதலில் கண்காணிப்பு நிலையில் வைத்து, உங்கள் சரியான மெயில்கள் எல்லாம் தேறுகின்றனவா என்று அறிக்கைகளில் பார்த்த பிறகு நிராகரிப்பு நிலைக்குக் கொண்டுபோங்கள்.

இதில் ஒன்றை வாங்குபவருக்கும் புரியவைக்க வேண்டும். மெயில் ஒவ்வொரு சர்வரிலும் திறந்து மறுபடி பூட்டப்படுகிறது. பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பவனை வழியில் உள்ள எந்த மறையாக்கமும் தடுக்காது. வங்கி விவரம் மாறினால், முன்பே தெரிந்த எண்ணில், தெரிந்த குரலோடு பேசி உறுதிசெய்வது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். மெயிலில் உள்ள புது எண்ணுக்கு போன் செய்வது அவனுக்கே போன் செய்வதாகும்.

பணம் போயிருந்தால் நேரம்தான் முக்கியம். அனுப்பியவர் தன் வங்கியை அழைத்துப் பணத்தைத் திரும்ப அழைக்கக் கேட்க வேண்டும், நீங்கள் உங்கள் வங்கிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பணம் இந்தியாவிலிருந்து போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதிவு செய்யுங்கள். மாவட்டக் காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவுக்குப் போகும்போது தலைப்பு விவரத்தோடு கூடிய மூல மெயில், விதியைக் காட்டும் திரையின் படம், உள்நுழைவுப் பட்டியல், பணம் அனுப்பிய ரசீது ஆகியவற்றை பென்டிரைவிலும் அச்சிலும் எடுத்துக்கொண்டு போங்கள். அந்த மெயில் பெட்டியைப் பயன்படுத்திய கணினியை ஃபார்மட் செய்யாமல் அணைத்து வையுங்கள்.